இது உதவித்தொகை இல்லை சார், சம்பளம்!

ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பேப்பரைப் பிரித்தால் அரைப் பக்கத்துக்கு ஒரு விளம்பரம் நிச்சயம் இருக்கும். கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண் சதுரத் தொப்பியை வானத்தில் வீசிவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள். ஸ்பாட் அட்மிஷன், ஸ்பாட் லோன், விண்ணப்பக் கட்டணம் முழுத் தள்ளுபடி. இடம், ஏதாவது ஒரு நட்சத்திர ஹோட்டல். உள்ளே போனால் மேஜைக்கு ஒரு யூனிவர்சிடி. கோடியில் இரண்டு மேஜை போட்டு, கழுத்தில் டை கட்டிய பேங்க்காரர்கள். காபி இலவசம். பிஸ்கெட்டும் உண்டு.

அந்த ஹாலில் காபியையும் பிஸ்கெட்டையும் தவிர வேறு எதுவும் இலவசமில்லை என்பது, வெளியே வந்து இரண்டு வருடம் கழித்து முதல் இ.எம்.ஐ. பிடிக்கும்போதுதான் பல பேருக்குத் தெரிகிறது.

அங்கே உட்கார்ந்திருக்கிற கவுன்சிலரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'டி.ஏ., ஆர்.ஏ. ஏதாவது கிடைக்குமா?' ஒரு விநாடி முகம் மாறும். பிறகு பழைய சிரிப்பு திரும்பி வரும். 'அதெல்லாம் போனதுக்கு அப்புறம் பார்த்துக்கலாம் சார். நம்ம பசங்க எல்லாருக்கும் கிடைச்சிடுது.'

போனதுக்கு அப்புறம்! தமிழ்நாட்டில் எத்தனை வீட்டுப் பத்திரங்கள் இந்த இரண்டு வார்த்தைகளை நம்பி பேங்க் லாக்கருக்குள் போயிருக்கின்றன என்று யாராவது கணக்கெடுத்தால் தேவலை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.ஏ. என்றால் டீச்சிங் அசிஸ்டென்ட். முதலாண்டு மாணவர்களின் வீட்டுப்பாடத்தைத் திருத்துவது, லேப்பில் பக்கத்தில் நிற்பது, வாரத்துக்கு ஒன்றிரண்டு வகுப்பு எடுப்பது. ஆர்.ஏ. என்றால் ரிசர்ச் அசிஸ்டென்ட். ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை செய்வது. இரண்டுக்கும் கணக்குப்படி வாரம் 20 மணி நேரம். பதிலுக்கு யூனிவர்சிடி உங்கள் டியூஷன் ஃபீஸைத் தள்ளிவிட்டு, மாதாமாதம் கையில் பணமும் தரும். வருடத்துக்கு இருபதாயிரம் டாலர் தருகிற ஊரும் உண்டு, ஐம்பதாயிரத்தை எட்டுகிற இடமும் உண்டு. ஹெல்த் இன்ஷூரன்ஸும் பெரும்பாலும் சேர்ந்து வரும்.

அமெரிக்காவில் அறிவியல், இன்ஜினீயரிங் துறைகளில் பிஹெச்.டி. சேருகிறவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் படிக்கிறார்கள். சொந்தக் காசைக் கொட்டி அங்கே பிஹெச்.டி. படிக்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு ஏதோ வில்லங்கமான இடத்தில் அட்மிஷன் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

எம்.எஸ். விஷயம் வேறு. அங்கே அசிஸ்டென்ட்ஷிப் சொற்பம். இருக்கிற இடங்களைப் பிஹெச்.டி. மாணவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம்தான். பல கம்ப்யூட்டர் துறைகளுக்கு எம்.எஸ். என்பதே வருமானத்துக்காக நடத்துகிற படிப்பு. நீங்கள் கட்டுகிற ஃபீஸில்தான் அந்தத் துறையின் லைட் எரிகிறது. உங்களுக்கு எதற்கு அவர்கள் ஃபீஸைத் தள்ளப் போகிறார்கள்?

கவுன்சிலருக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகவே தெரியும். பல ஏஜென்ட்டுகளின் வருமானம், மாணவர் முதல் வருடம் கட்டுகிற ஃபீஸில் இத்தனை சதவிகிதம் என்று யூனிவர்சிடி தருகிற கமிஷன். ஃபீஸே கட்டாத மாணவரால் அவருக்கு என்ன லாபம்? அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. தங்க நகை விற்கிறவரிடம் போய் 'கவரிங் எங்கே நல்லா இருக்கும்?' என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அதேதான். என் கோபமெல்லாம், கடைக்காரரை வாத்தியார் என்று நினைத்து எதிரே கைகட்டி உட்கார்ந்திருக்கிற நம் மேல்தான்.

நான் பி.காம். படித்தவன். எந்தப் பேச்சிலும் பற்று எங்கே, வரவு எங்கே என்று பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். எனவே ஒரு சின்னக் கணக்கு. ஐம்பது லட்சம் ரூபாய் கடன், பதினோரு சதவிகித வட்டி, பத்து வருடத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை கிட்டத்தட்ட 68,900 ரூபாய். மொத்தம் கட்டுவது 82 லட்சத்துக்கு மேல். படிக்கிற இரண்டு வருடத்தில் ஏறுகிற வட்டியை இதில் சேர்க்கவில்லை. ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பேங்குகள் பொதுவாக வீடோ நிலமோ அடமானம் கேட்கும். சொத்து கேட்காமல் தருகிற கம்பெனிகளும் உண்டு, அங்கே வட்டி அதற்குத் தக்கபடி ஏறும். அப்பாவின் கையெழுத்து மட்டும் எங்கே போனாலும் வேண்டும்.

இந்தத் தவணையை ரூபாய்ச் சம்பளத்தில் கட்ட முடியாது. ஆகவே பையனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தே ஆகவேண்டும், விசா நிலைத்தே ஆகவேண்டும். அந்த விசா யார் கையில் இருக்கிறது? 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஒரு கையெழுத்துப் போட்டார். புதிய ஹெச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர். ஏற்கெனவே அங்கே மாணவர் விசாவில் இருந்து மாறுகிறவர்களுக்கு இது பொருந்தாது என்று ஒரு மாதம் கழித்து விளக்கம் வந்தது. அந்த ஒரு மாதம் நாமக்கல்லிலும் தேனியிலும் எத்தனை அப்பாக்கள் தூங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

அசிஸ்டென்ட்ஷிப்பில் போன பிள்ளைக்கும் விசா கவலை உண்டு. ஆனால் அது அந்தப் பிள்ளையின் கவலை மட்டும்தான். ஊரில் இருக்கிற வீடு அந்தக் கவலையில் பங்கு கேட்காது.

ஒரு பழைய கதையை ஞாபகப்படுத்த வேண்டும். அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் இங்கிருந்து அமெரிக்கா போனவர்களைக் கேளுங்கள், 'எட்டு டாலரோட போய் இறங்கினேன்' என்பார்கள். பெருமைக்குச் சொல்வதாகத் தோன்றும். உண்மையில் அப்போது அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு அப்படி. அப்பாவிடம் பணமே இருந்தாலும் டாலராக மாற்றி எடுத்துப் போக முடியாது. எனவே அங்கே ஃபீஸைத் தள்ளிச் சம்பளமும் கொடுத்தால்தான் போகலாம், இல்லாவிட்டால் கிடையாது. ஐ.ஐ.டி.யிலிருந்தும் கிண்டியிலிருந்தும் அந்தத் தலைமுறை டி.ஏ., ஆர்.ஏ. வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறியது.

2004-இல் ரிசர்வ் பேங்க் தனி ஆள் வருடத்துக்கு 25,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்றது. இன்றைக்கு வரம்பு இரண்டரை லட்சம் டாலர். கதவு திறந்ததும் பேங்க் உள்ளே வந்தது, பின்னாலேயே ஏஜென்ட் வந்தார். பணம் அனுப்ப வழி இல்லாத காலத்தில் இலவசமாகப் போனோம். வழி பிறந்ததும் கடனாளியாகப் போகிறோம். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். 2008-09-க்குப் பிறகு முதன்முறையாகச் சீனாவைத் தாண்டி முதலிடம் என்று எல்லாப் பேப்பரிலும் கொட்டை எழுத்தில் போட்டார்கள். எவ்வளவு கடனில் என்று யாரும் போட்டதாக ஞாபகம் இல்லை.

இதில் எனக்கு வயிறு எரிகிற இடம் ஒன்று உண்டு. பெரிய கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் ஹாஸ்டலிலேயே தெரிந்துவிடுகிறது. இரண்டாம் வருடமே சீனியர் சொல்லிவிடுவார், 'ஏதாவது ஒரு புரொஃபசரோட ப்ராஜெக்ட்ல ஒட்டிக்கோ, பேப்பர் ஒண்ணு போடு, சிபாரிசுக் கடிதத்துக்கு மூணு பேரைத் தயார் பண்ணு' என்று. பைபாஸ் ரோட்டோரம் இருக்கிற சுயநிதிக் கல்லூரியில் அப்படிச் சொல்ல ஒரு சீனியர் கிடையாது. அங்கே காலேஜ் வாசலிலேயே கன்சல்டன்ட்டின் பேனர்தான் இருக்கும். விளைவு? கையில் கொஞ்சம் காசு உள்ள வீட்டுப் பிள்ளை சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்கிறது. தென்னந்தோப்பை அடமானம் வைத்த வீட்டுப் பிள்ளை முழு ஃபீஸ் கட்டிப் படிக்கிறது. கீழ்க்காற்று மேல்காற்று தெரியாத வியாபாரம் இது.

அரசுக் கலைக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்கிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவளிடம் யாராவது அமெரிக்கா என்ற வார்த்தையை உச்சரித்திருப்பார்களா? பி.எட். பண்ணு, டி.ஆர்.பி. எழுது, அவ்வளவுதான். ஆனால் அசிஸ்டென்ட்ஷிப் விஷயத்தில் பி.இ. கம்ப்யூட்டர் பையனைவிட அவள் கை மேலே இருக்கிறது. காரணம் மிக எளிது. அமெரிக்காவில் டாக்டராக, நர்ஸாக, இன்ஜினீயராக ஆசைப்படுகிற அத்தனை முதலாண்டுப் பிள்ளைகளும் கெமிஸ்ட்ரி லேப் செய்தாக வேண்டும். பெரிய ஸ்டேட் யூனிவர்சிடிகளில் அது ஆயிரக்கணக்கான பேர். ஆஸிட்டைக் கொட்டிக்கொள்ளாமல் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பிஹெச்.டி. மாணவர். கெமிஸ்ட்ரி பிஹெச்.டி.க்கு எடுத்தால் டி.ஏ. கொடுத்துத்தான் எடுப்பார்கள். கணிதத்திலும் ஃபிஸிக்ஸிலும் ஏறக்குறைய இதே கதைதான். கால்குலஸ் பேப்பர் திருத்த யார் இருக்கிறார்கள்?

செலவு? டோஃபல் பரீட்சைக் கட்டணம், ஐந்தாறு விண்ணப்பக் கட்டணம். ஜி.ஆர்.ஈ.யைப் பல துறைகள் கேட்பதையே விட்டுவிட்டன. விண்ணப்பக் கட்டணத்தையும் 'கட்ட வசதியில்லை' என்று மரியாதையாக ஒரு ஈமெயில் போட்டால் சில இடங்களில் தள்ளுவார்கள். ஆங்கிலத்தில் பேச வருகிறதா என்று மட்டும் உரசிப் பார்ப்பார்கள், வகுப்பு எடுக்க வேண்டுமே. பேசிப் பழகக் காசு வேண்டாம், கூச்சம் போனால் போதும். இதைச் சொல்ல ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு வாத்தியார் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? 'நேக்' கமிட்டி வருகிறது என்று சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற நேரத்தில் பாதி போதும்.

இனி தலைப்புக்கு வருகிறேன்.

அக்கம்பக்கத்தில் எப்படிச் சொல்கிறோம்? 'பையன் ஸ்காலர்ஷிப்ல போயிருக்கான்.' பத்திரிகைகளும் (நாங்களும்தான்) 'உதவித்தொகை' என்றே எழுதுகிறோம். ஏதோ அமெரிக்காக்காரர் இரக்கப்பட்டுத் தட்டில் போட்ட மாதிரி. இந்த வார்த்தை சின்ன விஷயம் இல்லை. உதவி என்று நினைத்துப் போகிற பிள்ளை, உதவி செய்தவரை எதிர்த்துப் பேசாது. வாரம் 20 மணி நேரம் என்று தாளில் இருக்கும். லேப்பில் 50, 60 மணி நேரம் ஓடும். எது படிப்பு, எது வேலை என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதால் பேராசிரியருக்கு வசதி. அவர் முகம் சுளித்தால் ஆர்.ஏ. போகும், ஆர்.ஏ. போனால் ஃபீஸ் கட்ட வேண்டும், கட்ட முடியாவிட்டால் விசா போகும். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி வரைக்கும் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆகவே வாயைத் திறப்பதில்லை.

அங்குள்ளவர்கள் வாயைத் திறக்கிறார்கள். விஸ்கான்சின் யூனிவர்சிடி டி.ஏ.க்கள் 1966-லேயே சங்கம் வைத்து, 1970-இல் ஸ்டிரைக் செய்து ஒப்பந்தம் போட வைத்தார்கள். 2016-இல் கொலம்பியா யூனிவர்சிடி வழக்கில், தனியார் யூனிவர்சிடியிலும் டி.ஏ., ஆர்.ஏ.க்கள் தொழிலாளர்களே என்று அமெரிக்கத் தொழிலாளர் உறவு வாரியம் சொல்லிவிட்டது. 2022 நவம்பரில் கலிஃபோர்னியா யூனிவர்சிடியில் டி.ஏ., ஆர்.ஏ., போஸ்ட்டாக் என்று 48,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். டிசம்பர் என்றால் பரீட்சைக் காலம். பேப்பர் திருத்த ஆளில்லை. மார்க் போட ஆளில்லை. ஆறு வாரம் தாங்கியது நிர்வாகம். கடைசியில் வருடம் சுமார் 23,000 டாலராக இருந்த டி.ஏ. குறைந்தபட்சச் சம்பளம், 2024 அக்டோபருக்குள் சுமார் 34,000 ஆக உயரும் என்று கையெழுத்தானது. உதவித்தொகையை யாராவது ஸ்டிரைக் பண்ணி ஏற்றியதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

எல்லா இடத்திலும் இப்படி இனிப்பாக முடியாது. ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் யூனிவர்சிடி. 2023 ஜனவரி கடைசியில் ஸ்டிரைக். நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? ஸ்டிரைக் செய்தவர்களின் டியூஷன் தள்ளுபடியை ரத்து செய்து, 'ஃபீஸைக் கட்டு' என்று பில் அனுப்பியது. இன்ஷூரன்ஸையும் நிறுத்தியது. மார்ச்சில் சமாதானமாகி எல்லாம் திரும்ப வந்தது. ஆனால் அந்த பில்லைப் பாருங்கள். தள்ளுபடி என்பது தர்மமாக இருந்தால் வேலை நிறுத்தியதும் ஏன் பறிக்க வேண்டும்? அது கூலியின் ஒரு பகுதி என்பதை முதலாளியே எழுத்தில் ஒப்புக்கொண்டு விட்டார்.

வருமான வரிக்காரர்களுக்கும் இந்த உண்மை தெரியும். கையில் வருகிற சம்பளத்துக்கு வரி உண்டு. 2017-இல் அங்கே நாடாளுமன்றக் கீழ்சபை, தள்ளுபடி செய்த டியூஷன் ஃபீஸையும் வருமானமாக வைத்து வரி போடலாம் என்று மசோதாவே நிறைவேற்றியது. கையில் வராத பணத்துக்கு வரி! மாணவர்கள் தெருவுக்கு வந்து கத்திய பிறகு, இறுதிச் சட்டத்தில் அது இல்லாமல் போனது. நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சலுகை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவுப்படி இந்திய மாணவர் அமெரிக்கரைப் போலவே நிலையான கழிவு கேட்கலாம். மற்ற பெரும்பாலான வெளிநாட்டு மாணவர்களுக்கு இது கிடையாது. தெரியாமல் கூடுதல் வரி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

'அப்ப பிஹெச்.டி.ன்னு சொல்லிச் சேர்ந்துட்டு, ரெண்டு வருஷத்துல எம்.எஸ்.ஸை வாங்கிட்டுக் கழண்டுக்கலாமே?' என்று ஒரு யோசனையைச் சில புத்திசாலிகள் காதில் ஓதுகிறார்கள். படிப்பு ஒத்துவரவில்லை, உடம்பு சரியில்லை, பேராசிரியர் படுத்துகிறார் என்றால் விட்டுவிட்டு வருவதில் ஒரு தப்பும் இல்லை. விமானம் ஏறும்போதே கழண்டுகொள்ளத் தீர்மானித்து ஏறுவது வேறு. அடுத்த வருடம் அதே கல்லூரியிலிருந்து விண்ணப்பம் போடுகிற பெண்ணின் ஃபைலைப் பார்த்து அந்தப் பேராசிரியர் என்ன நினைப்பார்? நீங்கள் சாப்பிட்டது அவள் இலையில்.

எல்லோரும் பிஹெச்.டி.க்குக் கிளம்புங்கள் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்தாறு வருடம். ஆராய்ச்சியில் ருசி இல்லாதவருக்கு அது சம்பளத்தோடு கூடிய ஜெயில். அப்படிப்பட்டவர் எம்.எஸ்.தான் வேண்டும் என்றால், அமெரிக்காவே கதி என்று ஏன் இருக்க வேண்டும்? கனடாவில் ஆராய்ச்சி அடிப்படையிலான முதுகலைக்குப் பல இடங்களில் சம்பளம் உண்டு. ஜெர்மனியில் பெரும்பாலான அரசு யூனிவர்சிடிகளில் டியூஷன் ஃபீஸே இல்லை. (பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்ப யூனிவர்சிடியும் 2024-இல் ஆரம்பித்துவிட்டது.) அங்கே பிஹெச்.டி. என்றால் பெரும்பாலும் வேலை ஒப்பந்தமே போட்டுத் தருகிறார்கள். உதவி, கிதவி என்ற குழப்பமெல்லாம் அவர்கள் மொழியிலேயே இல்லை.

ஆர்.ஏ. நம்பிப் போகிறவர்களுக்கு இன்றைய நிலவரத்தையும் சொல்லாவிட்டால் நானும் அந்த ஹோட்டல் கவுன்சிலர் ஆகிவிடுவேன். ஆர்.ஏ. சம்பளம் பேராசிரியரின் பையிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் அமெரிக்க அரசு தருகிற ஆராய்ச்சி மானியத்திலிருந்து வருகிறது. 2025-இல் அந்த மானியத்தில்தான் கை வைத்தார்கள். மார்ச்சில் கொலம்பியாவுக்கு மட்டும் 40 கோடி டாலர் ரத்து. ஜூலையில் சமரசம் ஆன பிறகுதான் பெரும்பகுதி திரும்பியது. மாசசூசெட்ஸ் யூனிவர்சிடியின் சான் மருத்துவப் பள்ளி, பிஹெச்.டி.க்கு இடம் கொடுத்த மாணவர்களிடம் கொடுத்த இடத்தையே திரும்ப வாங்கிக்கொண்டது. ஆகவே இடங்கள் குறைந்திருக்கின்றன, போட்டி கூடியிருக்கிறது. டி.ஏ. இந்த அளவுக்கு ஆடாது. செனட்டில் யார் ஜெயித்தாலும் கால்குலஸ் பேப்பர் திருத்தியாக வேண்டும்.

இந்தச் சூழ்நிலையில் இருநூறு பேராசிரியர்களுக்கு ஒரே 'ரெஸ்பெக்டட் சார்' கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்புவதில் பயனில்லை. சிலர் பெயரை மாற்றக்கூட மறந்துவிடுகிறார்கள். பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் எழுதிய ஒரு கட்டுரையையாவது படித்து, அதில் ஒரு கேள்வி கேட்டு எழுதுங்கள்.

ஆஃபர் கடிதம் வந்தால் சந்தோஷத்தில் அப்படியே ஸ்வீட் கடைக்கு ஓடாதீர்கள். எத்தனை வருடத்துக்கு உத்தரவாதம் என்று எழுதியிருக்கிறதா? சம்பளம் ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? கோடை மூன்று மாதம் என்ன சாப்பிடுவது? டியூஷன் தள்ளுபடி என்றால் முழுதுமா? 'இதர கட்டணங்கள்' என்ற பெயரில் செமஸ்டருக்கு எவ்வளவு பிடிப்பார்கள்? இன்ஷூரன்ஸ் யார் தலையில்? அந்த ஊரில் ஒரு ரூமுக்கு வாடகை என்ன? சான் டியாகோவில் முப்பதாயிரமும் ஓக்லஹாமாவில் முப்பதாயிரமும் ஒரே முப்பதாயிரம் இல்லை. இதையெல்லாம் எழுதிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம். வேலைக்குச் சேருகிறவர் கேட்கிற கேள்விகள்தான் இவை.

யோசிக்கவும் அவகாசம் உண்டு. பண உதவியோடு வருகிற ஆஃபருக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை மாணவருக்கு நேரம் தரவேண்டும், அதற்குமுன் நெருக்கக் கூடாது என்று அமெரிக்கப் பட்டதாரிப் பள்ளிகளின் கவுன்சிலில் ஏராளமான யூனிவர்சிடிகள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஹோட்டல் ஹாலில் 'இன்னிக்கே பணம் கட்டினா பத்தாயிரம் தள்ளுபடி, நாளைக்கு ஸீட் இருக்காது சார்' என்று யாராவது சொன்னால், ஏப்ரல் 15 பற்றி அவரிடம் கொஞ்சம் விசாரியுங்கள். காபியை மட்டும் குடித்துவிட்டு.